சுழலும் மேசையும் நிலைத்த கையும்

வட்டமான பொருள்களைப் பற்றவைப்பது தட்டையான தகடுகளைப் பற்றவைப்பதைப் போன்று எளிதன்று. குழாயின் முனையில் பிளாஞ்சு எனப்படும் விளிம்பு வளையத்தைப் பொருத்தி, அவ்விரண்டும் கூடும் இடத்தைச் சுற்றிலும் இடைவெளியின்றி உருக்கி இணைத்தல் வேண்டும். பற்றவைப்பவர் சிறிது தூரம் பற்றவைத்து நிறுத்துவார், குழாயைத் திருப்புவார், மீண்டும் தொடங்குவார். ஒரு சுற்று முடிவதற்குள் ஆறேழு முறை இவ்வாறு நேரும். நிறுத்தித் தொடங்கும் இவ்விடங்களே பெரும்பாலும் நீர் கசியும் இடங்களாகின்றன.

எம் மைத்துனர் சிறியதொரு வெல்டிங் பட்டறை நடத்தி வருகிறார். ஒருமுறை அவர் செய்து கொடுத்த பன்னிரண்டு பம்புக் குழாய்களுள் நான்கு, நீர் ஒழுகுவதாகத் திரும்பி வந்தன. அந்த வாடிக்கையாளர் பின்னர் வரவேயில்லை. அப்பொழுதுதான் சுழலும் மேசை ஒன்றைத் தாமே செய்துகொள்வதென அவர் முடிவு செய்தார். விடுமுறை நாள்களில் உடனிருந்து கணக்கிட்டுக் கொடுக்கும் பணி நமக்கு வாய்த்தது. அந்தப் பட்டறிவை ஈண்டுக் காண்போம்.

அடிப்படைக் கருத்து

கருத்து புதியதன்று. குயவரின் கை ஓரிடத்தில் நிற்க, மண் சுழல்கிறது. கோவூர் கிழார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்றின் 32ஆம் பாடலிலேயே குயவரின் சக்கரம் உவமையாக வந்துள்ளது. அச்சக்கரம் விரைந்து சுழல்வது. பற்றவைப்பவரின் மேசையோ மிக மெதுவாகச் சுழல வேண்டுவது. வேறுபாடு இதுவே.

வேகக் கணக்கு

எவ்வளவு மெதுவாக என்பதைக் கணக்கிட்டே அறிதல் வேண்டும். பற்றவைப்பு நிமிடத்திற்கு 30 செ.மீ. நகர்வதாகக் கொள்வோம். 10 செ.மீ. விட்டமுள்ள குழாயின் சுற்றளவு 31.4 செ.மீ. ஆகவே, மேசை நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். 5 செ.மீ. குழாய்க்கு இரண்டு சுற்று, 20 செ.மீ. குழாய்க்கு அரைச் சுற்று. விட்டம் இரட்டித்தால் வேகம் பாதியாக வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் சாதாரண மோட்டார் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1440 முறை சுழலும். அதனை ஒரு சுற்றாகக் குறைப்பது பெரும்பாடு. எனவே, பழைய காரின் வைப்பர் மோட்டாரைத் தேர்ந்தோம். 12 வோல்ட்டில் இயங்கும் அதற்குள்ளேயே வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரம் உண்டு. நிமிடத்திற்கு ஏறத்தாழ 50 சுற்றே சுழலும். அதனை 2 அங்குலக் கப்பியிலிருந்து 10 அங்குலக் கப்பிக்குப் பெல்ட் வழியாகவும், பின் 10 பல் சக்கரத்திலிருந்து 50 பல் சக்கரத்திற்குச் சங்கிலி வழியாகவும் செலுத்தினோம். வேகம் முதலில் ஐந்தில் ஒன்றாகவும், மீண்டும் ஐந்தில் ஒன்றாகவும் குறைந்து, மேசை நிமிடத்திற்கு இரண்டு சுற்றுச் சுழன்றது. அதற்கும் கீழே செல்ல மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று உதவியது. இரு கைகளுக்கும் வேலை இருப்பதால், ஓட்டவும் நிறுத்தவும் காலால் மிதிக்கும் சுவிட்ச் அமைத்தோம்.

நாம் செய்த பிழை

மேசை நன்றாகவே சுழன்றது. ஆயினும் மூன்றே வாரங்களில் கரகரவென ஒலித்து, விட்டுவிட்டுத் திரும்பலாயிற்று. பேரிங்கைக் கழற்றிப் பார்த்தபொழுது அதன் குண்டுகளில் எல்லாம் பொட்டுப் பொட்டாகக் கரிந்த குழிகள் காணப்பட்டன.

காரணம் பின்னரே புலப்பட்டது. பற்றவைக்கும் மின்சாரம் பொருளுக்குள் சென்றபின், எர்த் கம்பி வழியே இயந்திரத்திற்குத் திரும்ப வேண்டும். நாம் அக்கம்பியை மேசையின் காலில் மாட்டியிருந்தோம். நூறு ஆம்பியர் அளவிலான மின்சாரம் மேசைத் தட்டு, அச்சு, பேரிங் ஆகியவற்றினூடே காலை அடைந்தது. குண்டுக்கும் வளையத்திற்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளில் பொறி பறந்து இரும்பை அரித்துவிட்டது. அதற்காகக் கம்பியைச் சுழலும் பொருளிலேயே மாட்டினால், அது பொருளோடு சேர்ந்து சுற்றிக்கொள்ளும்.

தீர்வு எளியதே. தட்டின் அடிப்புறத்தைச் சுருள்வில்லால் அழுத்தி உரசிக்கொண்டிருக்கும் செம்புக் கட்டை ஒன்றை வைத்து, எர்த் கம்பியை அதனுடன் இணைத்தோம். கட்டையைத் தாங்கும் கைக்கும் மேசைச் சட்டத்திற்கும் இடையே பேக்லைட் தகடு இட்டோம்; இல்லையேல் மின்சாரத்தின் ஒரு பகுதி மீண்டும் பேரிங் வழியே செல்லும். மோட்டாரின் அடியிலும் அவ்வாறே தகடு இட்டோம். இப்பணிகளுக்கு முன் வெல்டிங் இயந்திரத்தின் மின் இணைப்பைத் துண்டித்தோம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பயன்படுத்தும் முறை

குழாயை மேசையின் நடுவில் பிசகின்றிப் பொருத்தி, சம தூரத்தில் நான்கு இடங்களில் புள்ளிப் பற்று இட வேண்டும். மேசையை 45 பாகை சாய்த்தால், உருகிய இரும்பு குழாயும் வளையமும் கூடும் மூலையில் வழியாது தங்கும். சாய்க்கும்போது கவிழாதவாறு அடிப்பாகம் கனமாகவும் அகன்றும் இருத்தல் வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும், தொடங்கிய இடத்தைத் தாண்டி ஏறத்தாழ 10 மி.மீ. மேலே சென்று முடித்தல் நன்று. துத்தநாகம் பூசிய குழாயாயின் பூச்சை நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் பற்றவைக்க வேண்டும். அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். எரிவாயு உருளை, காற்றழுத்தத் தொட்டி போன்றவற்றை இத்தகைய மேசையில் பற்றவைக்கத் துணிதல் கூடாது. அவை உரிய பயிற்சியும் சோதனையும் வேண்டுபவை.

நிறைவாக

இப்போது எம் மைத்துனர் ஒவ்வொரு குழாயிலும் நீரை நிரப்பிச் சோதித்த பின்னரே வெளியே அனுப்புகிறார். கரிந்த அந்தப் பேரிங்கை அவர் எறிந்துவிடவில்லை. தம்மிடம் தொழில் கற்கும் பிள்ளைகளுக்கு அதனைக் காட்டியே எர்த் கம்பியின் பாடத்தைத் தொடங்குகிறார். நம் வகுப்புகளிலும் பட்டறைத் தொழிலாளர்களின் மக்கள் பலர் பயில்கின்றனர். தந்தையர் கையால் அறிந்தவற்றை மக்கள் நல்ல தமிழில் எழுதி வைப்பாராயின், ஒருவர் பேரிங்கைக் கரித்துக் கற்றதை மற்றவர் படித்தே கற்கலாம். தமிழ் பயிலும் மாணவர் செய்யத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்றென்பது நம் துணிபு.