மோருங்: நாகர்களின் பழைய பள்ளி

ஏழாம் வகுப்பில் வடகிழக்கு மாநிலங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "மிஷனரிகள் வரும்வரை நாகர்களிடம் பள்ளி கிடையாது" என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். "அப்ப வீடு கட்டவும் கூடை பின்னவும் யார் சார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று ஒரு மாணவி கேட்ட பிறகுதான் தேடிப் படித்தேன்.

விடை, மோருங். இளைஞர்கள் இரவில் சேர்ந்து தங்கிய பொதுவீடு அது. ஆவோ நாகர்கள் அரிஜு என்றும், அங்காமிகள் கிச்சுகி என்றும் அழைத்தனர். பருவ வயதை எட்டும் சிறுவன் அங்கே சேர்வான். சிறியவர்கள் விறகும் தண்ணீரும் சுமப்பார்கள். மூத்தவர்கள் மூங்கில் பின்னவும் மரம் செதுக்கவும் பாடவும் பழக்குவார்கள். எழுத்து வழக்கில் இல்லாததால், ஊரின் வரலாறு கணப்பைச் சுற்றிச் சொன்ன கதைகளில்தான் வாழ்ந்தது. ஊர்க்காவலும் இவர்கள் பொறுப்பே. ஆவோ, கொன்யாக் ஊர்களில் ஒரே மரத்தைக் குடைந்து செய்த பெருமுரசு உண்டு; ஆபத்து என்றால் அதை முழக்குவார்கள். தலைவேட்டைக்கான பயிற்சியும் மோருங்கில்தான் நடந்தது. மாணவர்களிடம் இதை மறைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

1872-இல் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி கிளார்க் ஆவோ பகுதிக்குச் சென்றார். பழைய சமயச் சடங்குகளோடு பிணைந்திருந்ததால் மிஷன் மோருங்கை ஏற்கவில்லை. பள்ளியும் தேவாலயமும் வளர வளர அது தேய்ந்தது. இன்று கொஹிமாவுக்கு அருகே கிசாமாவில், ஹார்ன்பில் திருவிழாவுக்காகக் கட்டிய மாதிரி மோருங்குகளையே பலரும் பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னதும் அதே மாணவி, "பொண்ணுங்களுக்கு, சார்?" என்றாள். மறுபடியும் தேடினேன். ஆவோ ஊர்களில் பெண்பிள்ளைகளும் மூத்த பெண் ஒருவரின் மேற்பார்வையில் ஒரே வீட்டில் சேர்ந்து தங்கினார்களாம்.