கணக்கு மூடப்பட்டால்...

ஆரணிப் பட்டு என்ற பெயரில் கடைகளில் அடுக்கி வைக்கப்படும் சேலைகளில் நம் தேசூர்த் தறிகளில் நெய்யப்பட்டவையும் உண்டு என்பதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஒரு சேலை தறியை விட்டு இறங்குவதற்கு முன்னும் பின்னும் எத்தனை காசோலைகள் கைமாறுகின்றன என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. சரக்கு வாங்குபவர் கையில் எப்போதும் ரொக்கம் இருப்பதில்லை. பின் தேதியிட்ட காசோலையைக் கொடுத்துவிட்டுச் சரக்கை எடுத்து வருகிறார். அது பாவாகவும் ஊடையாகவும் நெசவாளியின் வீட்டுக்குப் போய், சேலையாகித் திரும்பி, கடைக்குச் சென்று, கடைக்காரர் பணம் அனுப்பிய பிறகுதான் முன்பு கொடுத்த காசோலைக்கு உயிர் வருகிறது. இந்தச் சங்கிலியின் நடுக்கண்ணியாக இருப்பது அவருடைய நடப்புக் கணக்கு. அக்கணக்கை ஒருநாள் வங்கியே மூடிவிட்டால் என்னாகும்?

நடக்கக் கூடியதா என்று கேட்கத் தோன்றும். நடந்திருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஒரு வங்கியில் ரொக்கக் கடனோ மேல்வரைப்பற்றோ பெற்றிருப்பவருக்கு வங்கிகள் நடப்புக் கணக்குத் தொடங்கக் கூடாது. அவருடைய வரவு செலவு முழுவதும் அந்தக் கடன் கணக்கின் வழியாகவே நடைபெற வேண்டும் என்பது அதன் சாரம். ஏற்கெனவே இருந்த கணக்குகளுக்கும் இது பொருந்தியது. காரணம் இல்லாமல் இவ்விதி பிறக்கவில்லை. பெரிய கடனாளிகள் சிலர் ஒரு வங்கியில் கடனை வாங்கி, வேறொரு வங்கியின் நடப்புக் கணக்கு வழியாகப் பணத்தைத் திருப்பிவிட்டனர். கடன் கொடுத்த வங்கிக்குத் தன் பணம் போன திசையே தெரியவில்லை. அதைத் தடுக்கவே இந்தக் கட்டுப்பாடு.

ஆனால் விதியின் பிடியில் சிக்கியவர்கள் பெரும் முதலாளிகள் மட்டுமல்லர். அரசு வங்கி ஒன்றில் சிறிய ரொக்கக் கடனும், கடைத்தெருவில் பக்கத்திலிருக்கும் வேறொரு வங்கியில் நடப்புக் கணக்கும் வைத்திருந்த சிறு வியாபாரிகளும் அகப்பட்டுக்கொண்டனர். முதலில் மூன்று மாதம் என்றிருந்த கெடு 2020 டிசம்பர் 15 வரையிலும், பின்னர் 2021 ஜூலை 31 வரையிலும் நீண்டது. கெடு முடிந்ததும் நாடெங்கும் பல சிறு தொழில் கணக்குகள் முடக்கப்பட்டன, பல மூடப்பட்டன. கூக்குரல் எழுந்த பிறகு, ஆகஸ்ட் 4 அன்று ரிசர்வ் வங்கி அக்டோபர் 31 வரை அவகாசம் கொடுத்தது. அக்டோபர் 29-இல், வங்கிகளிடம் மொத்தக் கடன் 5 கோடி ரூபாய்க்குக் கீழ் உள்ளவர்களுக்கு, ஓர் உறுதிமொழிக் கடிதம் பெற்றுக்கொண்டு, அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. இந்தத் தளர்வை முதல் நாளே செய்திருக்கலாம் என்பதே என் கருத்து. ஓராண்டுக்கு மேல் கழித்து வந்த சலுகையால், அதற்குள் திரும்பிப் போன காசோலைகள் மீண்டும் செல்லுபடியாகிவிடவில்லை.

வங்கி தன் விருப்பப்படி நம் கணக்கை மூடலாமா? இதற்கு விடை காண, வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள உறவு யாது என்பதை அறிய வேண்டும். நாம் வங்கியில் போடும் பணம் பெட்டியில் வைத்துப் பூட்டிய பணம் அன்று. அது வங்கிக்கு நாம் கொடுத்த கடன். வங்கி கடனாளி, நாம் கடன் கொடுத்தவர். 1848-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில் உறுதிசெய்த இக்கொள்கையையே நம் நாட்டு நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன. உறவு ஒப்பந்தம் என்றால், இரு தரப்பும் அதை முடித்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வங்கியோ போதிய முன்னறிவிப்புக் கொடுத்தே விலக வேண்டும். 1921-இல் ஜோகிம்சன் வழக்கில் இக்கருத்து வெளியிடப்பட்டது. வெளியே உலவும் காசோலைகள் இருக்கின்றனவே!

எவ்வளவு காலம் போதியது? 1923-இல் பிராஸ்பெரிட்டி என்ற நிறுவனம் லாயிட்ஸ் வங்கியின்மீது தொடுத்த வழக்கு இங்கே நினைக்கத் தக்கது. அந்நிறுவனத்தின் திட்டத்துக்குப் பலரும் அவ்வங்கியின் வழியாகவே பணம் செலுத்தி வந்தனர். திட்டத்தைத் தெரிந்தே கணக்குத் தொடங்கிய வங்கி, பிறகு மனம் மாறி ஒரு மாத அறிவிப்பில் கணக்கை மூட முற்பட்டது. அந்தச் சூழ்நிலையில் ஒரு மாதம் போதாது என்றார் நீதிபதி. ஆயினும், கணக்கைத் தொடர்ந்து நடத்தியே ஆக வேண்டும் என்று வங்கிக்குத் தடையாணை போட அவர் மறுத்துவிட்டார். இந்த இரண்டாவது பகுதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். அவகாசத்தையும் நட்டஈட்டையும் கேட்கலாம். விருப்பமில்லாத வங்கியை உறவு கொண்டாடச் செய்வது கடினம்.

நம் நாட்டில் 2006-இல் அமைக்கப்பட்ட வங்கி நெறிமுறை வாரியம், வங்கிகள் தாமாக ஏற்றுக்கொண்ட ஒரு நெறித்தொகுப்பை வெளியிட்டது. சாதாரணச் சூழ்நிலையில் காரணம் காட்டி, குறைந்தது 30 நாள் அறிவிப்புக் கொடுக்காமல் கணக்கை மூடமாட்டோம் என்பது அதில் வங்கிகள் அளித்த வாக்கு. வாரியம் பின்னர் கலைக்கப்பட்டுவிட்டது. எனவே இன்று ஒருவர் முதலில் பார்க்க வேண்டியது, கணக்குத் தொடங்கும்போது படிக்காமல் கையெழுத்திட்ட விதிமுறைத் தாளைத்தான்.

காரணத்தைச் சொல்ல வங்கிகள் தயங்குவது உலக வழக்கமாகவே இருக்கிறது. 2023-இல் இங்கிலாந்தின் அரசியல்வாதி நைஜல் ஃபராஜின் கணக்கைக் கூட்ஸ் என்ற வங்கி மூட முற்பட்டது. தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தம்மைப் பற்றிய உள் ஆவணங்களைக் கேட்டுப் பெற்றபோது, தம்முடைய அரசியல் கருத்துகளும் அங்கே விவாதிக்கப்பட்டதை அவர் கண்டார். அவ்வங்கியின் தாய் நிறுவனமான நாட்வெஸ்டின் தலைமை நிர்வாகி, ஒரு செய்தியாளரிடம் இதுபற்றிப் பேசியதை ஒப்புக்கொண்டு, அதே ஆண்டு ஜூலையில் பதவி விலகினார். அவருடைய அரசியல் நமக்கு உடன்பாடா என்பது வேறு. ஆவணத்தைக் கேட்டு வாங்கினார் என்பதே கவனிக்கத் தக்கது. நம் நாட்டில் பொதுத்துறை வங்கியிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் நம் கணக்கைப் பற்றிய விவரத்தை நாமும் கேட்கலாம்.

இனி ஒரு முக்கியமான வேறுபாடு. "என் கணக்கை மூடிவிட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டு வருபவரின் கணக்கு உண்மையில் மூடப்பட்டிருக்காது. முடக்கப்பட்டிருக்கும், அல்லது உறங்கிக்கொண்டிருக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு.

ஈராண்டுக்கு மேல் வாடிக்கையாளர் தாமாக எந்த வரவு செலவும் செய்யாத சேமிப்பு, நடப்புக் கணக்குகள் செயலற்றவை ஆகின்றன. அடையாள ஆவணங்களைப் புதுப்பித்துக் கொடுத்தால் மீண்டும் உயிர் பெறும். அதற்குக் கட்டணம் இல்லை. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, செயலற்ற கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று தண்டம் பிடிக்கக் கூடாது. கல்வி உதவித்தொகைக்காகத் தொடங்கப்பட்ட கணக்குகளை வங்கிகள் தனியே குறித்துவைத்து, ஈராண்டு வரவு செலவு இல்லாவிட்டாலும் செயலற்றவை ஆக்காமல் இருக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. உதவித்தொகை தாமதமாக வருவது நமக்குப் புதிதன்று. ஆகையால் மாணவ நண்பர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. அடையாள ஆவணங்களைப் புதுப்பிக்கும் கெடுவுக்கு முன்னர் மூன்று அறிவிப்பும், பின்னர் மூன்று நினைவூட்டலும் வங்கி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மூன்றிலும் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. கைப்பேசிக் குறுஞ்செய்தியைப் படிக்காத முதியவர்களுக்கு அந்தக் கடிதம்தான் அறிவிப்பு.

முடக்கம் வேறு வகை. அங்கே பூட்டு வங்கியுடையது அன்று. காவல்துறையோ வரித்துறையோ போட்டது. எங்கோ ஓர் ஊரில் ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம் கைமாறிக் கைமாறி, சேலை வாங்கியவர் செலுத்திய தொகையாக நம் வியாபாரியின் கணக்கில் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். புகாரை விசாரிக்கும் காவல் நிலையம் அக்கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லும். வங்கிக் கணக்கும் காவல்துறை கைப்பற்றத்தக்க 'சொத்து' என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவில் இருந்த இவ்வதிகாரம், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 106-ஆம் பிரிவில் இருக்கிறது. கைப்பற்றியதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. இந்நிலையில் வங்கி மேலாளரிடம் சண்டையிட்டுப் பயனில்லை. எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு என்ற மூன்றையும் அவரிடம் எழுத்தில் பெற வேண்டும். முழுக் கணக்கையும் முடக்காமல் சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும் என்ற வகையில் 2023-இல் கேரள உயர் நீதிமன்றமும் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் நிவாரணம் அளித்துள்ளன. சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 83-ஆம் பிரிவின்கீழ் தற்காலிகமாகப் பற்றுகை செய்யப்பட்ட கணக்காயின், அந்த ஆணை ஓராண்டில் தானே காலாவதியாகும்.

இப்போது உண்மையிலேயே மூடப்பட்ட கணக்குக்கு வருவோம். மீதிப் பணம் போய்விடுமோ என்றுதான் எல்லாரும் முதலில் பதறுகின்றனர். அது வங்கி பட்ட கடன். திருப்பிக் கொடுத்தே தீர வேண்டும். வங்கிக்கு நாம் பட்ட கடன் இருந்தால் மட்டும் அதைக் கழித்துக்கொள்ளும். உண்மையான ஆபத்து, முன்பே கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலைகளில் இருக்கிறது.

மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-ஆம் ஆண்டினது. அதில் 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 138-ஆம் பிரிவு, போதிய பணமின்றிக் காசோலை திரும்புவதைக் குற்றமாக்கியது. இரண்டாண்டுவரை சிறையோ, காசோலைத் தொகையின் இருமடங்குவரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 'கணக்கு மூடப்பட்டது' என்ற குறிப்புடன் திரும்பும் காசோலையும் இப்பிரிவுக்குள் வரும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கணக்கை மூடியது தாம் அல்ல, வங்கியே என்பது வியாபாரிக்கு நல்ல எதிர்வாதம்தான். ஆனால் அதை அவர் நீதிமன்றப் படியேறி நிரூபிக்க வேண்டும். கச்சாப் பட்டு கொடுத்தவர் வெளி மாநிலத்தவராயின், அந்தப் படி அங்கேகூட இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, நிலுவையில் உள்ள காசோலைகளின் எண், தேதி, தொகை, பெற்றவர் பெயர் ஆகியவற்றை எழுதுவது. இரண்டாவது, அப்பட்டியலுடன் வங்கிக்கு ஒரு கடிதம்: எந்த விதியின்கீழ், என்ன காரணத்தால் மூடினீர்கள், முன்னறிவிப்பு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, மூடுவதற்கு முன் கொடுத்த காசோலைகளை இருப்பிலுள்ள பணத்தைக் கொண்டு மாற்றித் தருவீர்களா என்று கேட்க வேண்டும். போதிய பணம் இருந்தும், காரணமின்றிக் காசோலையை மறுக்கும் வங்கி, அதனால் விளைந்த நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு சொல்கிறது; கடிதத்தில் இதைக் குறிப்பிடலாம். நகலில் வங்கி முத்திரையும் தேதியும் பெறாமல் வெளியே வரக் கூடாது. வாய்ப்பேச்சுக்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு கிடையாது.

மூன்றாவது, காசோலை பெற்றவர்களுக்கு அவை வங்கிக்குப் போகுமுன் செய்தி சொல்லி, வேறு வழியில் பணம் அனுப்பி, பழைய காசோலையைத் திரும்பக் கையில் வாங்க வேண்டும். பணத்தை அனுப்பிவிட்டோம் என்று காகிதத்தை அவரிடமே விட்டுவைப்பது பிற்கால வழக்குக்கு வித்து. ஒன்று திரும்பியே விட்டால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் பெற்றவர் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது நம் கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் தொகையைச் செலுத்திவிட்டால் குற்றம் எழாது. அந்த 15 நாளைத் தவறவிட்டவர்களே பெரும்பாலும் நீதிமன்றத்தில் நிற்கின்றனர். கடன் தவணை, காப்பீட்டுத் தவணை, மின் கட்டணம் போன்றவை அக்கணக்கிலிருந்து தாமாகப் பிடிக்கப்பட்டு வந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வங்கி பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் பொருந்தாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 1995-இல் தொடங்கிய இவ்வேற்பாடு 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுமைக்கும் ஒரே திட்டமாக்கப்பட்டது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. ஆனால் முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். நேரே குறைதீர்ப்பாளரிடம் போகும் புகார் ஏற்கப்படுவதில்லை. முத்திரையிட்ட அந்த நகல்தான் 30 நாள் எப்போது தொடங்கியது என்பதைக் காட்டும் சான்று. கணினி வசதி இல்லாதவர் வெள்ளைத் தாளில் எழுதி, சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் பெறும் மையத்துக்கு அஞ்சலில் அனுப்பலாம். விவரம் கேட்கத் தொலைபேசி எண் 14448.