டைவ் அடித்தால் எப்போது உடையும்?

பி-38 லைட்னிங்கை 9,000 மீட்டரில் இருந்து செங்குத்தா கீழே விடுறீங்க. வேகமானி ஏறுது. குறிப்பிட்ட ஒரு எண்ணைத் தாண்டினதும் இறக்கை பிய்ச்சுக்கிட்டுப் போகுது. விமானச் சண்டை கேம்கள் பலவற்றில் டைவ் என்றால் இவ்வளவுதான். அந்த விமானத்தின் கதையைப் படிக்கும் வரை நானும் இதுதான் நிஜம் என்று நம்பினேன்.

உண்மையில் பி-38க்கு முதலில் வந்த சிக்கல் உடைவது இல்லை, சொன்ன பேச்சைக் கேட்காமல் போவது. ஒலி வேகத்தில் 68 சதவீதத்தை, அதாவது மாக் 0.68ஐ, நெருங்கும்போதே தடித்த இறக்கையின் மேல் ஓடும் காற்று ஒலி வேகத்தைத் தாண்டிவிடும். அங்கே அதிர்வலை உருவாகித் தூக்குவிசை குறையும். வாலைக் கீழே அழுத்திக்கொண்டிருந்த காற்றோட்டமும் தளரும். வால் எழும்பும், மூக்கு இன்னும் கீழே போகும். பைலட் எவ்வளவு இழுத்தாலும் பலன் இருக்காது. ஸ்பிட்ஃபயருக்கு இறக்கை மெலிசு என்பதால் இந்தத் தொல்லை மிகவும் தாமதமாகத்தான் வரும்.

இப்போ கணக்கைப் பாருங்க. 9,000 மீட்டரில் குளிர் அதிகம், அதனால் ஒலி வேகமே மணிக்குச் சுமார் 1,090 கி.மீ.தான். மாக் 0.68 என்றால் 740 கி.மீ. ஆனால் வேகமானி அளப்பது காற்றின் அழுத்தத்தை. அங்கே காற்று மெலிசு, முள் 480ஐத்தான் காட்டும்! அதே மாக் எண்ணில் 3,000 மீட்டரில் பறந்தால் முள் 700ஐத் தொடும். ஒற்றை எண்ணைப் போட்டால் எந்த உயரத்துக்கு என்று போடுவது?

கீழே வர வர மாக் எண் குறைந்து, பிடி தானாகத் திரும்பும். பயமே அங்கேதான். முழு பலத்தோடு இழுத்து வைத்திருந்த எலிவேட்டர் அடர்ந்த காற்றில் சட்டென்று வேலை செய்தால் சுமை தாங்காது. லாக்ஹீட் சோதனை பைலட் ரால்ஃப் விர்டன் 1941 நவம்பர் 4 அன்று இறந்தது, வேகமான டைவில் இருந்து மீளும்போது வால் முறிந்துதான். அவர் ஓட்டிய ஒய்பி-38ல் எலிவேட்டரை இழுக்கச் சுலபமாக்கும் சின்னத் தகடுகளைப் பொருத்தியிருந்தார்கள்.

கடைசியில் கிடைத்த தீர்வு, இறக்கைக்கு அடியில் மின் மோட்டாரால் இறங்கும் டைவ் ஃப்ளாப். நிறைய பேர் இதை பிரேக் என்று நினைத்துக் கடைசி நொடியில் அமுக்குறாங்க. இதன் வேலை வேகத்தைக் குறைப்பது இல்லை, போன தூக்குவிசையை மீட்டு மூக்கை எழுப்புவது. டைவுக்கு முன்பே இறக்கிவிட வேண்டும்.

ஒரு விஷயத்தில் கேம் மேல் கோபப்பட முடியாது. வீட்டு ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங் எந்த வேகத்திலும் ஒரே இறுக்கம்தான். பைலட்டின் கை வலுவுக்கு எல்லை இருக்கு என்று காட்ட, நீங்க முழுசா இழுத்தாலும் கேம் எலிவேட்டரைக் கொஞ்சமாகத்தான் அசைக்கும். அது பக் இல்லைங்க.

உங்க கேமைச் சோதிக்க ஆசையா? பி-38ல் 9,000 மீட்டர் ஏறி, ஃப்ளாப் இல்லாமல் டைவ் அடிச்சு, ஸ்டிக்கை அளவா இழுத்துப் பிடிங்க. மேலே கேட்காத விமானம் மூவாயிரத்துப் பக்கம் வரும்போது கேட்க ஆரம்பிச்சா, உள்ளே மாக் கணக்கு ஓடுது. எந்த உயரத்தில் இருந்து விழுந்தாலும் முள் அதே எண்ணைத் தொட்டதும்தான் சேதம், அதுவரை சொகுசுன்னா, வெறும் அட்டவணைதான்.