வாகை தந்தவரை வழியனுப்பிய கழகம்

ஆங்கில நாட்டு உதைபந்தாட்டத்தில் முகாமையாளர் எனப்படுவார் காரியாலயத்தில் அமர்ந்து கணக்குப் பார்ப்பவரல்லர். எந்தப் பதினொருவர் களம் புகுதல் வேண்டும், எவர் எவ்விடத்தில் நிற்றல் வேண்டும் என்பன அவர் வாக்கால் முடிவாகும். அணி வென்றாற் புகழில் ஒரு பங்கு அவருக்கு; தோற்றாலோ பழி முழுவதும் அவருக்கே. பதினொருவரை ஒருநாளில் மாற்றுதல் இயலாது. ஒருவரை மாற்றுதல் எளிது. இவ்வெளிமையே அத்தொழிலின் நிலையாமைக்கு முதற் காரணம். ஆண்டுதோறும் பலர் நீக்கப்படுகின்றனர். அடுத்த திங்களே மறக்கவும் படுகின்றனர். ஆயினும், 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் லெஸ்டர் நகரக் கழகம் குளோடியோ ரனியேரி என்னும் இத்தாலியரை நீக்கிய செய்தி இன்றும் வாதத்துக்குரியதாகவே நிற்கின்றது.

லெஸ்டர் கழகம் 1884இல் தோன்றியது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது முதற்பிரிவின் வாகையை ஒருமுறையேனும் சூடியதில்லை. 1929இல் இரண்டாமிடம் எய்தியதே அதன் உச்சம். 2014-15ஆம் பருவத்தில் நெடுநாள் அட்டவணையின் அடியிற் கிடந்து, கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழினை வென்று தப்பிப் பிழைத்தது. அங்ஙனம் காத்த முகாமையாளர் நைஜல் பியர்சன். காத்துச் சில வாரங்கள் கழியுமுன், ஜூன் 30இல், அவரும் நீக்கப்பட்டார். ரனியேரி அமர்ந்த ஆசனம் முன்னொருவரை எழுப்பிவிட்டு இடப்பட்ட ஆசனமே என்பதை இங்கே மனத்திற் கொள்ளுதல் நன்று. கழகத்தின் உரிமையாளர் அந்நாளில் தாய்லாந்துச் செல்வர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா. (திருவை வளர்க்கும் ஒளி என அப்பெயர்க்குப் பொருள் கொள்ளலாம், வடமொழியும் பாளியும் அறிந்தார்க்கு அது புதிதன்று.)

ரனியேரி வந்தபோது வரவேற்றார் சிலரே. கிரேக்க தேசிய அணியின் பயிற்றுநராயிருந்து, 2014 நவம்பரிற் பாரோத் தீவினரிடம் சொந்த மண்ணிற் தோற்று நீக்கப்பட்டவர் அவர். லெஸ்டரிற் பிறந்து, அக்கழகத்துக்கே ஆடிப் புகழ்பெற்ற கரி லினேக்கர், இவரையா நியமித்தார்கள் என வெளிப்படையாகவே ஐயுற்றார். பந்தயம் பிடிப்போர் லெஸ்டரின் வெற்றிக்கு ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாகக் கூறினர். அஃதாவது, நடவாத காரியம் என்றே கருதினர்.

நடவாதது நடந்தது. ரனியேரி பெரிய தத்துவம் ஒன்றும் பேசினாரல்லர். எதிரி கோல் அடியாதவாறு ஓர் ஆட்டத்தைக் காத்தால் அனைவருக்கும் பீட்சா வாங்கித் தருவதாக வாக்களித்தார். 2015 ஒக்டோபரிற் கிறிஸ்டல் பலஸ் அணியை ஒன்றுக்குப் பூச்சியமாக வென்றதும் அவ்வாறே வாங்கியுங் கொடுத்தார். ஜேமி வார்டியின் விரைவு, ரியாத் மாரெசின் கால்நுட்பம், நடுக்களத்தில் ஓய்வறியாது ஓடிய கான்டேயின் உழைப்பு ஆகிய மூன்றையும் குழப்பாமல் விட்டதே அவர் செய்த பேருபகாரம். 38 ஆட்டங்களில் மூன்றிலே மட்டுந் தோற்று, 81 புள்ளிகளுடன், இரண்டாமிடத்து ஆர்செனலுக்குப் பத்துப் புள்ளி மேலே நின்றது லெஸ்டர். 2016 மே 7ஆம் நாள் கண்ணொளி இழந்த இத்தாலியப் பாடகர் அந்திரேயா பொச்செல்லி லெஸ்டர் அரங்கிற் பாட, ரனியேரி அவரருகே நின்றார்.

அடுத்த பருவத்திற் காற்று மாறியது. கான்டே செல்சிக்குச் சென்றார். அப்பருவத்தின் வாகை செல்சியைச் சேர்ந்தது. ஒருவர் போனாற் குடி முழுவதும் தளருமோ என வினவலாம். பின்களத்தார் முதுமையெய்தியவர்கள், அவர்களை மறைத்து நின்ற சுவர் கான்டே. சுவர் நீங்கவே விரிசல்கள் வெளிப்பட்டன. ரனியேரியும் பழைய நெகிழாமையை விட்டு, வியூகத்தை வாரந்தோறும் மாற்றலானார். முதற்பருவத்திற் கைவைக்காமல் வென்றவர் இரண்டாம் பருவத்திற் கைவைத்துக்கொண்டேயிருந்தார். ஆதலின் அவரிடத்திற் பிழையே இல்லை என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக்கில் மட்டும் தம் பிரிவின் முதலிடத்தைப் பெற்று மானங் காத்தனர். சொந்த நாட்டு லீக்கிலோ நிலைமை வேறு. 2017 பிறந்தபின் ஆடிய ஆறு லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. கடைசி ஐந்தும் தோல்வி. 25 ஆட்டங்களில் 21 புள்ளி, பதினேழாமிடம், கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் எல்லைக்கு ஒரேயொரு புள்ளி மேலே. வாகை சூடிய மறு பருவத்திலேயே கீழிறங்கிய கழகம் 1938இல் மன்செஸ்டர் சிற்றி ஒன்றே. அன்று இறங்கியவர்க்கு நட்டம் மானத்தளவில். 2017இலோ தொலைக்காட்சி உரிமைக்காக மூன்று பருவங்களுக்கு 513 கோடிப் பவுண் கைமாறிய காலம். கீழிறங்குவது ஒரு கழகத்தின் கருவூலத்தையே உடைத்துவிடும்.

பெப்ரவரி 7ஆம் நாள் கழகத்தார், ரனியேரிக்குத் தம் அசையாத ஆதரவு உண்டென அறிக்கை விடுத்தனர். உதைபந்தாட்ட உலகில் இத்தகைய அறிக்கை வெளிவருமாயின் சம்பந்தப்பட்டவர் பெட்டி கட்டத் தொடங்குவது வழக்கம். பெப்ரவரி 22இல் ஸ்பெயினிற் செவில்லாவிடம் இரண்டுக்கு ஒன்றாகத் தோற்றனர். வார்டி அடித்த கோலினால் அடுத்த ஆட்டத்தில் வெல்லும் நம்பிக்கை உயிரோடிருந்தது. மறுநாள் ரனியேரி நீக்கப்பட்டார். அசையாமை பதினாறு நாள் நிலைத்தது. உலகின் சிறந்த பயிற்றுநர் என்னும் பரிசை அவர் பெற்று நாற்பத்தைந்து நாட்களே ஆகியிருந்தன.

லினேக்கர் கண்ணீர் விட்டதாகக் கூறினார். தம் கனவு நேற்று இறந்துவிட்டதென ரனியேரி எழுதினார். அப்போது மன்செஸ்டர் யுனைற்றெட் முகாமையாளராயிருந்த மொரீனியோ, ரனியேரியின் பெயரின் முதலெழுத்துக்களைத் தம் சட்டையிற் பொறித்துக்கொண்டு செய்தியாளர் முன் தோன்றினார். இவ்விருவர் வரலாறும் விந்தையானது. 2004இல் செல்சி ரனியேரியை நீக்கியபோது அவ்விடத்துக்கு வந்தவர் மொரீனியோ. 2015 டிசெம்பரில் அதே செல்சி மொரீனியோவை நீக்கியது. அதற்கு மூன்று நாள் முன்னர் அவரைத் தோற்கடித்தது ரனியேரியின் லெஸ்டர்.

வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலை அறத்துப்பாலிலும், தகுதி ஆராய்ந்து ஒருவரை வினையில் அமர்த்துதலைப் பொருட்பாலிலும் வைத்தார். கழகத்தார் பொருட்பாலில் நின்று பேசினர். தனிப்பட்ட உணர்ச்சியினும் கழகத்தின் நெடுநாள் நன்மையே பெரிது என்றனர். மக்கள் அறத்துப்பாலில் நின்று வினவினர். இரு திறத்தாரும் பொய் கூறினாரல்லர். வழக்கு அதனாலேயே கடினமாயிற்று. எம்மைக் கேட்டால், நீக்கியதைப் பொறுக்கலாம். பதினாறு நாட்களுக்குமுன் கொடுத்த சொல்லைப் பொறுத்தல் அரிது.

அவரிடத்துக்கு வந்தவர் அவரின் துணைவர் கிறேக் ஷேக்ஸ்பியர். நம் முன்னோர் செகப்பிரியர் என எழுதிய நாடகப் பேராசிரியரின் குலப்பெயர்! நாடகமும் உடனே தொடங்கியது. பெப்ரவரி 27இல் லிவர்பூலை மூன்றுக்கு ஒன்றாக வீழ்த்தினர். வார்டி இரு கோல் அடித்தார். களமிறங்கியோரிற் பதின்மர் வாகை சூடிய பழைய வீரரே. கான்டேயின் இடத்தில் இன்டிடி என்னும் நைஜீரிய இளைஞர். வியூகமும் பழையதே. ஐந்து நாட்களுக்குமுன் ஓடாத கால்கள் அன்றிரவு எங்ஙனம் ஓடின? வீரரே அவரை வெளியேற்றினர் எனப் பத்திரிகைகள் எழுதின, வீரர் மறுத்தனர். மறுப்பை ஏற்றாலும் அவ்வினா ஒழியாது. ஆட்டத்தின் 65ஆவது நிமிடத்தில், 65 வயதான ரனியேரியை நினைந்து அரங்கினர் கைத்தொலைபேசி விளக்குகளை ஏந்தினர். தம் அணியின் வெற்றியில் மகிழ்ந்துகொண்டே போனவருக்காக வருந்தினர்.

ஷேக்ஸ்பியரின் அணி முதல் ஆறு ஆட்டங்களையும் வென்றது. செவில்லாவையும் வென்று காலிறுதி கண்டது. பருவ முடிவில் 12ஆம் இடத்தில் நின்றது. ஜூனில் அவருக்கு நிலையான நியமனம் கொடுத்தனர். ஒக்டோபர் 17இல் அவரையும் நீக்கினர். அப்போது அணி 18ஆம் இடத்தில் இருந்தது. விச்சாய் 2018 ஒக்டோபரில் அரங்கின் வெளியே ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். ஷேக்ஸ்பியர் 2024இல் அறுபது வயதிற் காலமானார்.

ரனியேரி பின்னும் பல அணிகளைப் பயிற்றினார். 2024 நவம்பரில், ஒரே பருவத்தில் இருவரை நீக்கிவிட்டிருந்த உரோமாபுரிக் கழகம், அந்நகரிற் பிறந்த அவரை, 73 வயதில், அழைத்தது. பன்னிரண்டாமிடத்திலிருந்த அணி ஐந்தாமிடத்துக்கு உயர்ந்தது. நான்காமிடத்து யுவென்டசுக்கு 70 புள்ளி, உரோமாவுக்கு 69.