நம் நாடாளுமன்றம் – 7: மூன்றில் ஒரு பங்கு வாக்கு

1970 செப்டம்பர் 5. முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மன்னர் மானியத்தை ஒழிக்கும் அரசமைப்புத் திருத்த மசோதா மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்று நாள் முன்புதான் மக்களவை அதை நிறைவேற்றி அனுப்பியிருந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. எதிர்ப்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஆதரவு. ஆனாலும் மசோதா தோற்றது. அரசமைப்புத் திருத்தத்துக்கு வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்; வாக்களித்த 224 பேரில் அது 149.33. அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருந்த பின்னம்தான் இந்திரா காந்தி அரசைத் தடுத்தது.

அரசு அடுத்ததாகக் குடியரசுத் தலைவரின் ஆணை வழியே மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதுவும் செல்லாது என்றது. மக்களவை கலைக்கப்பட்டது. 1971 தேர்தலில் பெரும் பலத்தோடு திரும்பிய பிறகு, 26ஆவது திருத்தத்தால்தான் மானியம் ஒழிந்தது. ஒழிந்தது நியாயமே. ஆனால் மக்களிடம் போய், முறைப்படி திரும்பி வந்து ஒழித்ததில் எதிர்த்து வாக்களித்த அந்த 75 பேருக்கும் பங்குண்டு என்றே சொல்வேன்.

அரசமைப்பைத் திருத்த இரு அவைகளும் தனித்தனியே ஒப்ப வேண்டும் என்கிறது பிரிவு 368. ஒரு அவை மறுத்தால் வேறு வழி கிடையாது. சாதாரண மசோதாவுக்கு வழி உண்டு: பிரிவு 108இன்படி இரு அவைகளின் கூட்டுக் கூட்டம். 543 பேர் கொண்ட மக்களவையோடு மாநிலங்களவையின் 245 பேர் ஒன்றாக உட்கார்ந்து வாக்களித்தால் யார் கை ஓங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் இதுவரை மூன்று முறைதான் அப்படி மசோதாக்கள் நிறைவேறியிருக்கின்றன: 1961இல் வரதட்சணைத் தடை, 1978இல் வங்கிப் பணி ஆணையச் சட்ட நீக்கம், 2002இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா.

பண மசோதா என்றால் மாநிலங்களவைக்கு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 14 நாளுக்குள் பரிந்துரை சொல்லலாம். ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். வரி, கடன், அரசின் தொகுப்பு நிதி ஆகியவற்றைப் பற்றி மட்டுமே பேசும் மசோதாவுக்குத்தான் இந்தச் சலுகை. எது பண மசோதா என்று சான்று தருபவர் மக்களவை சபாநாயகர். என் கவலையெல்லாம் இங்கேதான்.

2016இல் ஆதார் மசோதா பண மசோதாவாக வந்தது. மாநிலங்களவை ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. அன்றே மக்களவை ஐந்தையும் நிராகரித்தது. குடிமக்களின் விரல்ரேகையையும் கருவிழியையும் பதிவு செய்யும் சட்டத்தில் மாநிலங்களவைக்குக் கிடைத்த மதிப்பு அவ்வளவுதான். 2018இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அதை ஏற்றனர். நீதிபதி சந்திரசூட் மட்டும், இது அரசமைப்பின் மீதான மோசடி என்று தனித் தீர்ப்பு எழுதினார். மறு ஆண்டே, தீர்ப்பாயங்கள் தொடர்பான வழக்கில் மற்றோர் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆதார் தீர்ப்பில் பண மசோதாவை வரையறுக்கும் பிரிவு 110 போதுமான அளவு ஆராயப்படவில்லை என்று ஐயம் எழுப்பி, கேள்வியை இன்னும் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

(தொடரும்)