வயலின் மேடு பள்ளம் அறிய வீட்டிலேயே செய்யலாம் ஒரு கருவி

பனமலை ஏரிப் பாசன உழவர்களுக்குத் தண்ணீரின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நந்தன் கால்வாயில் நீர் வர வேண்டும். இல்லையேல் நல்ல மழை பெய்து ஏரி நிரம்ப வேண்டும். இரண்டும் தவறினால் கிணறே கதி. இப்படிக் கிடைக்கும் நீரில் ஒரு பங்கை வயலின் மேடு பள்ளம் விழுங்கி விடுகிறது.

ஏழு செ.மீ. ஏற்றத்தாழ்வு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆனால் திருந்திய நெல் சாகுபடிக்குச் சொல்லப்படும் 2.5 செ.மீ. நீரை அத்தகைய வயலில் சீராக நிறுத்த முடியாது. மேட்டில் 2.5 செ.மீ. நிற்க வேண்டுமானால் பள்ளத்தில் 9.5 செ.மீ. நிற்கும். பள்ளத்தில் இளநாற்று மூழ்கி அழுகும். நீர் ஏறாத மேட்டில் களை மண்டும். மணிலா பாத்தியிலும் நீர் தேங்கிய இடத்தில் செடி மஞ்சளித்து நிற்பதைக் காணலாம்.

தண்ணீர் கட்டினால் மேடு பள்ளம் தானே தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரியும். ஆனால் அப்போது வயல் சேறாகிவிடும். மண்ணை வெட்டிச் சுமப்பது கடினம். எத்தனை விரற்கடை வெட்டுவது என்ற கணக்கும் கிடைக்காது. ஏரி திறப்பதற்கு முன், வயல் காய்ந்து கிடக்கும்போதே, ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டு இதை அறிய முடியும்.

கருவி செய்யும் முறை

கொத்தனார்கள் 'டியூப் லெவல்' என்று பயன்படுத்துவதுதான் இது. உள் விட்டம் சுமார் 10 மி.மீ. உள்ள, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் 60 அடி வாங்கவும். ஐந்தடி உயரமுள்ள நேரான குச்சிகள் இரண்டு எடுத்து, அடியிலிருந்து மேலாக 150 செ.மீ. வரை அளவு குறிக்கவும். குழாயின் ஒவ்வொரு முனையையும் ஒரு குச்சியோடு நெடுகச் சேர்த்துக் கட்டவும்.

வாளி நீரில் இரண்டு சொட்டு சலவை நீலம் கலந்து உயரத்தில் வைக்கவும். குழாயின் ஒரு முனையை அதில் அமிழ்த்தி, மறு முனையில் உறிஞ்சி நீரை ஓட விடவும். பூச்சிமருந்து கலந்த வாளியை இதற்குத் தொடவே கூடாது. குழாயில் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கலாகாது. இருந்தால் அளவு தவறும்.

இரட்டைக் கார்புரேட்டர் மோட்டார் சைக்கிளைச் சீர்செய்யும் மெக்கானிக்குகளும் இத்தகைய கருவியைத் தாமே செய்துகொள்வதுண்டு. 1983-ல் வந்த ராஜ்தூத் 350 அப்படிப்பட்ட வண்டி. பலகையில் வளைத்துக் கட்டிய குழாயில் எண்ணெய் ஊற்றி, இரு முனைகளையும் இரண்டு கார்புரேட்டர் பக்கமும் இணைப்பார்கள். அதிகம் உறிஞ்சும் பக்கம் எண்ணெய் ஏறும். இரண்டும் சமமாகும்வரை திருகுவார்கள். அங்கே உறிஞ்சும் விசையை ஒப்பிடும் குழாய், இங்கே நிலத்தை ஒப்பிடுகிறது.

அளக்கும் முறை

குச்சிகளை அருகருகே நிறுத்தி, முனைகளைத் திறந்து பார்க்கவும். இரண்டிலும் நீர் ஒரே அளவில், உதாரணமாக 90 செ.மீ. குறியில், நிற்க வேண்டும். பிறகு ஒரு குச்சியை வயலின் நடுவில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் அடுத்த குச்சியை இடம் இடமாக நிறுத்தலாம். நகரும்போது இரு முனைகளையும் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ளவும். இல்லையேல் நீர் சிந்தும்.

நடுக்குச்சியில் 92.5, மற்றதில் 87.5 என்றால், அந்த இடம் நடுவைவிட 5 செ.மீ. மேடு. நீர் குறைவாகக் காட்டும் குச்சியே மேட்டில் இருக்கிறது. பள்ளி செல்லும் பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்லலாம்.

ஐந்து இடங்களில் முறையே 5 மேடு, 3 மேடு, நடு 0, 1 பள்ளம், 2 பள்ளம் என்று கொள்வோம். மேட்டின் கூட்டல் 8, பள்ளத்தின் கூட்டல் 3, மீதி 5. இதை ஐந்தால் வகுத்தால் 1. ஆகவே நடுவைவிட 1 செ.மீ. உயரமே சரியான மட்டம். முதல் இடத்தில் 4, இரண்டாவதில் 2 வெட்ட வேண்டும். நடுவில் 1, அடுத்ததில் 2, கடைசியில் 3 நிரப்ப வேண்டும். வெட்டுவதும் 6, நிரப்புவதும் 6. வயலில் 10, 15 அடிக்கு ஓர் இடம் வீதம் அளப்பது நல்லது.

மிச்சம் எவ்வளவு?

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. நீர் நிறுத்த ஏறக்குறைய 40,000 லிட்டர் தேவை. மேற்படி வயலில் மேடு, சரியான மட்டத்தைவிட 4 செ.மீ. உயரம். அதை நனைக்க வயல் முழுதும் 4 செ.மீ. கூடுதலாகக் கட்டுகிறோம். ஏக்கருக்கு 1,60,000 லிட்டர்! மோட்டாருக்கு மின்சாரம் இலவசமாக இருக்கலாம். கிணற்றில் ஊறும் நீருக்கு அளவு உண்டு.

கவனிக்க வேண்டியவை

மேல்மண்ணே பயிரின் உணவு. ஆழமாக வெட்டினால் சத்தற்ற அடிமண் வெளிப்பட்டு அவ்விடத்தில் பயிர் நோஞ்சானாகும். வேறுபாடு ஒரு சாணை நெருங்கினால், நடுவே வரப்பு போட்டு வயலை இரு மட்டமாகப் பிரிப்பதே மேல். சிறிதளவு வெட்டிய இடத்திலும் தொழுஉரம் கூடுதலாக இடவும். நிரப்பிய மண் பின்னர் அமுங்கும். ஆகவே சற்று உயர்த்தியே நிரப்பவும்.

லேசர் கருவி கொண்டு நிலத்தைச் சமன்செய்யும் இயந்திரங்கள் இன்று உண்டு. பெரிய நிலத்துக்கு அவை ஏற்றவை. ஏழு சென்ட், பத்து சென்ட் துண்டு வயலுக்குள் அவை திரும்புவதே கடினம். அங்கே இந்தக் குழாய் போதும். பத்துப் பேர் சேர்ந்து ஒன்று செய்து, முறை வைத்துப் பயன்படுத்தலாம். ஐயம் இருப்பின் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். சம்பா நாற்று விடும் முன்பே அளந்துவிட்டால், வரும் தண்ணீர் வயல் முழுதும் ஒன்றுபோல் பரவும்.