கம்பளி தந்த கொடை

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் வரும் சாலையில் செம்மறி மந்தைக்கு வழிவிட்டு நிற்காத மாணவர் நம்மில் இரார். அந்தச் செம்பழுப்பு ஆடுகளைச் 'சென்னைச் சிவப்பு' இனம் என்பர் கால்நடை அறிஞர். பழைய செங்கற்பட்டு மாவட்டமே அவற்றின் தாயகம். ஆடு வளர்க்கும் குடும்பத்திலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆதலால் வகுப்புத் தோழர் ஒருவர், "இத்தனை ஆடு இருக்கிறதே, உங்கள் வீட்டில் கம்பளி நெய்யமாட்டார்களா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே!

நம் ஆட்டின் முதுகைத் தடவிப் பாருங்கள். கையில் படுவது குட்டையான, விறைப்பான மயிர்; கம்பளி அன்று. நம் வெயிலுக்கு அடர்ந்த கம்பளி பெருஞ்சுமை. இறைச்சிக்காகவும், வயலில் கிடை போட்டால் கிடைக்கும் எருவுக்காகவுமே இவ்வாடுகளை வளர்க்கிறோம்.

அப்படியானால் கம்பளி என்பதுதான் யாது? மயிரும் கம்பளியும் கெரட்டின் என்னும் ஒரே புரதத்தால் ஆனவை. வேறுபாடு அமைப்பில் இருக்கிறது. முரட்டு மயிரின் நடுவே துளைகள் நிறைந்த தண்டு ஒன்று ஓடும். மென்கம்பளியில் அது இராது. மெரினோ ஆட்டின் இழை ஏறத்தாழ 20 மைக்ரான் தடிமனே உடையது. நம் தலைமயிரோ அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல்! மேலும், கம்பளி இழை அலையலையாய்ச் சுருண்டிருக்கும். அச்சுருள்களுக்கிடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது. இழையின் மேற்புறத்தில் ஓட்டுக்கூரை போல் அடுக்கிய செதில்கள் உண்டு. வெந்நீரிலிட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஸ்வெட்டரைத் துணிகளோடு சேர்த்துத் துவைத்துக் குழந்தைச் சட்டையாக்கியவர்கள் இதை நன்கறிவர்.

காஞ்சிபுரத்துப் பட்டும் புரதமே. ஆனால் பட்டுக்கூட்டிலிருந்து இழை நூறு நூறு மீட்டராக நீண்டு வரும். கம்பளி இழையோ விரலளவு. எனவே, கத்தரித்த மயிரை அலசி, அதிலுள்ள லனோலின் என்னும் பிசுக்கை நீக்கி, சிக்கெடுத்து, இராட்டையிலோ தக்ளியிலோ முறுக்கேற்றினால்தான் நூலாகும். லனோலினும் வீணன்று, களிம்புகளில் சேர்கிறது. நெசவிலே பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும். பின்னலிலோ ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாக நுழைந்து துணியாகிறது. ஆகையால்தான் அது இழுத்தால் நீள்கிறது. இரண்டு ஊசி கொண்டு ஸ்வெட்டர் பின்னும் பெண்மணி செய்வதும், திருப்பூர்ப் பனியன் இயந்திரம் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்.

தமிழகத்திலும் கம்பளி ஆடுகள் உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குறும்பாடு முரட்டுக் கம்பளி தருவது. நீலகிரி ஆடோ மென்கம்பளி தருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாட்டு ஆட்டுடன் மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்களைக் கலந்ததால் உருவான இனம் அது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் அதைக் காத்துவருகிறது. புகார் நகர நெசவாளர்களைக் கூறுமிடத்தில் சிலப்பதிகாரம் பட்டு, பருத்தியோடு மயிரையும் சேர்த்தே கூறுவதை எண்ணினால், இத்தொழில் நமக்கு அயலானதன்று என்பது விளங்கும்.

கன்னட, தெலுங்கு நாட்டுக் குறும்பர்கள் கறுப்பு ஆட்டு மயிரை நூற்று, புளியங்கொட்டைப் பசையில் பாவைத் தோய்த்துக் கம்பளி நெய்வர். சித்திரதுர்க்கம் மாவட்டத்துச் செல்லக்கெரே அதற்குப் பெயர்பெற்ற ஊர். அக்கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீராவியை உறிஞ்சியும் ஈரமாகத் தோன்றாது. உறிஞ்சும்போது வெப்பத்தையும் வெளிவிடும். மழையில் மந்தையோடு நிற்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆயினும் அக்கம்பளிக்கு இன்று விலை இல்லை. இறைச்சிதான் காசு என்று, மயிர் குறைந்த ஆடுகளோடு அந்தத் தக்காண ஆடுகளைக் கலக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கணக்கும் அதுவே. ஆகவே அவர்களைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் அந்தக் கறுப்பு மயிர் போனால், அதை நூற்கத் தெரிந்த கையும் போய்விடும்.

வேதியியல் மாணவர்க்கு மற்றொரு செய்தி. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே கம்பளித் தொழிலுக்கென ஓர் ஆராய்ச்சிக் கழகம் இருந்தது. கம்பளிப் புரதத்தின் அமினோ அமிலங்களை எவ்வாறு பிரித்தறிவது என்று அங்கே மார்ட்டின், சிஞ்ச் என்னும் இருவர் முயன்றனர். அம்முயற்சியில் பிறந்ததே பங்கீட்டு வண்ணப்பிரிகை முறை. 1941இல் அதை வெளியிட்டனர். 1944இல் அக்கழகத்திலிருந்தே தாள் வண்ணப்பிரிகையும் வந்தது. 1952இல் இருவருக்கும் நோபல் பரிசு! செய்முறை வகுப்பில் வடிதாளில் மைத்துளியிட்டு நிறங்கள் பிரிவதைப் பார்க்கிறோமே, அது ஆட்டு மயிர் தந்த கொடை.

கடைக்காரர் "அசல் கம்பளி" என்று விற்றதைச் சோதிக்க வழியும் உண்டு. ஓர் இழையை உருவிக் கொளுத்தினால் மயிர் கருகும் நாற்றம் வரும். பருத்தியானால் காகிதம் எரியும் மணம். பட்டும் மயிர்போலவே நாறுமாதலால் அதோடு நிறுத்தலாகாது. மற்றோர் இழையை 5 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலிலிட்டுக் கொதிக்க வைத்து, அதில் சில துளி லெட் அசிட்டேட் விடுங்கள். கம்பளியில் கந்தகம் உண்டு, கரைசல் கறுக்கும். பட்டில் அது இல்லாததால் கறுக்காது. கையுறை அணிந்து, ஆசிரியர் அருகிலிருக்கும்போது செய்க. லெட் உப்பு நஞ்சு.